மேல் வீட்டு ஸ்ட்ரோபெரி இலைகள்

கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் சுகம். நுவரெலியாக் குளிரில் உனக்கு நெஞ்சுச்சளி பிடிக்காமல் இருக்க மன்றாடுகிறேன். நான் சொல்லச் சொல்ல இதைத் தங்கச்சி சாமினிதான் எழுதுகிறாள். போனில் கதைத்தால் மேல் வீட்டுப் பிறிஜெற்றுக்குக் கேட்கும், சங்கதியே அவளைப் பற்றியதுதான். உன் கழுத்துத் தேமலை வெண்குட்டம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி உன் கலியாணத்தைக் குழப்பியவள், இப்போது பல்கனி நிறையச் சாடிகளில் ஸ்ட்ரோபெரி வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவளுடைய மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்களாம், அவர்களுக்குக் காட்டத்தான். புதன்கிழமை ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு படியிறங்கி வந்து, "உங்கட மூத்தவள் ஸ்ட்ரோபெரித் தோட்டத்திலதானே வேலை, இது என்ன வருத்தமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். எனக்குப் பார்த்ததுமே என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. நீ போன முறை வந்தபோது காட்டித் தந்தது போலவே ஊதா வட்டம், நடுவில் வெள்ளை. நடு வெளுக்காமல் ஊதாவாகவே படர்ந்து இலை கருகினால் அது வேறு, ஓரத்திலிருந்து ஆப்பு மாதிரி மண்ணிறமாக உள்ளே இறங்கினால் அது இன்னொன்று என்றாயே, இது இரண்டும் இல்லை, இலைப்புள்ளிதான். ஆனால் நான் சொல்லவில்லை. "ஒரு புள்ளியைப் பார்த்த உடனே வருத்தத்துக்குப் பேர் வைக்க எனக்குத் தெரியாது அக்கா, அது உங்களுக்குத்தான் வரும்" என்றேன். முகம் கறுத்துப்போனது. அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை.

அவளோ பின்னேரத்தில் இலை நனைய நனையத் தண்ணீர் ஊற்றுகிறாள், புள்ளி சாடிக்குச் சாடி தாவுகிறது. நேற்றுப் பூசையில் இருக்கும்போது எனக்கே மனம் கேட்கவில்லை, செடி என்ன பாவம் செய்தது. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரிக்கட்டும், காலையில் அடியில் மட்டும் ஊற்றட்டும் என்று சொல்லச் சாமினியை மேலே அனுப்பினேன். சொன்னேன் என்கிறாள்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா

அக்கா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போய்விட்டா. இது நான் எழுதுவது. மேலே போனேன். பிறிஜெற் அன்ரி கதவைத் திறந்து, "என்ன பிள்ளை, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?" என்று சிரித்தா. அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். எனக்கு வெட்கம் என்று நினைத்திருப்பா. நினைக்கட்டும். இப்போதும் மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது.

சாமினி