அடிக்கடி நிற்கிற எஞ்சின்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் யதுஷாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், பிரிட்ஜ் சுகம், வாசிங் மெஷின் சுகம், உன்னுடைய மொரிஸ் மைனர் காரும் நீ விட்டுப்போன இடத்தில் இவ்வளவு நாளும் எஞ்சின் இல்லாத சுகத்தோடு இருந்தது. நீயும் அங்கே மெல்பேர்னில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் மறந்தாலும் நீ மறக்காதே. மூன்றாம் மாடி அனுஷியா வியாழக்கிழமை அங்கே பறக்கிறாள், தன் பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் தந்தாள், அதில் கறித்தூள் போக மிச்ச இடத்தில் இந்தக் கடிதம் வருகிறது. போனில் சொல்லலாமே அம்மா என்று கேட்பாய். போனில் என்றால் நீ எங்கேயோ இறங்கி எங்கேயோ ஏறிக்கொண்டிருப்பாய், நானும் இரண்டு பகிடி விட்டுச் சிரித்துப்போட்டு வைத்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரி, பரவாயில்லை, ஆனால் ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டினவள் இவ்வளவு எழுதியிருக்கிறாளே என்று பிறகு கொஞ்சம் அழவும் வேண்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அனுஷியா சொல்லி நீ கேட்கக்கூடாது. ஆறு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் நான் கீழே போய் உன் காருக்குள் ஏறி இருந்தேன். சும்மா இல்லை, கைப்பையோடு, வெளியில் போகிற செருப்பும் போட்டுக்கொண்டு. மத்தியானச் சோத்துப் பார்சல்களைக் கட்டி அனுப்பி, சட்டி பானை கழுவி வைத்தால், மூன்று மணிக்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அப்பா போய் நாலு வருஷம், நீ போய் இரண்டு, ரிவியைப் போட்டால் அதில் இருக்கிறவர்கள் தங்களுக்குள்தான் கதைக்கிறார்கள். காருக்குள் இருந்தால் கேட் திறக்கிற சத்தம் கேட்கும், ரியூஷன் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டு போவது கேட்கும், கடற்கரையால் ரயில் போவது கேட்கும். அதோடு காருக்குள் இருக்கிற ஆளைப் பார்த்து ஏன் தனியாக இருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், எங்கேயோ போகப்போகிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். போன மாதம் நாலாம் மாடி ஸும்றா கண்ணாடியில் தட்டி, எங்க அக்கா பயணம் என்று கேட்டாள். வாய்க்கு வந்தபடி மாத்தறைக்கு என்று சொன்னேன். அவள் முன்னுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எஞ்சின் நேத்தே போயிட்டுதா அக்கா, நீங்க இண்டைக்கா போறீங்க என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து கேட்டில் நிற்கிற வாச்சர் தண்ணீர் கொண்டுவந்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொடர்மாடிக் கொமிட்டிச் செயலாளர் யோகநாதன் ஐயாவை உனக்குத் தெரியும், கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கால் வைத்துக் கண்ணாடி போட்ட அவருடைய நோட்டீஸ் பலகையையும் தெரியும், அதை அவர் தினமும் காலையில் துடைக்கிறதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போகிற பிள்ளை என்றுதான் நினைக்க வேண்டும். அதில் மூன்று மொழியிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். சொந்த எஞ்சினில் ஓடிக் கேட் வரைக்கும் போகமுடியாத வாகனம் இந்த மாதம் முடிவதற்குள் தரிப்பிடத்தை விட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குக் கொடுக்கப்படுமாம். இருபத்துநாலு வீட்டில் அப்படி ஒரே ஒரு வாகனம்தானே ஐயா இருக்கிறது, என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அதுக்கு அவர், பேர் போட்டு எழுதினால் உமக்கு மரியாதை இல்லை பத்மா, அதுதான் பொதுவாய் எழுதினனான் என்றார். மரியாதை தெரிந்த மனிசன், என்ன செய்ய.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் எடுத்து, பிள்ளை, எந்த எஞ்சின் போடுவது என்று கேட்டேன். நீ கழற்றி ஜவாத்தின் தெஹிவளைக் கராஜில் கொடுத்துவிட்டுப் போன பழைய எஞ்சினில் வெடிப்பு விழுந்திருக்கிறது, ஒட்டினாலும் நிற்காது என்று அவன் கையை விரித்துவிட்டான். நீ என்ன சொன்னாய்? எதெண்டாலும் பரவாயில்லை அம்மா, உங்களுக்கு லேசானதை எடுங்கோ என்றாய். யது, ஒரு கதவுக் கைபிடி வேறு மாதிரி வந்துவிட்டது என்று இரண்டு நாள் சோறு தின்னாத பிள்ளை நீ. ஒரு ஆணிக்காக ஜவாத்தோடு சண்டை பிடித்து அவனுடைய கராஜ் வாசலில் பின்னேரம் வரைக்கும் இருந்தவள். எஞ்சின் இருக்கிற இடத்துக்குப் பின்னால் வெள்ளைப் பெயின்ற்றால், இதில் ஒருவரும் வெட்டக்கூடாது, இப்படிக்கு யது என்று, நானும் வாசிக்கட்டும் என்று தமிழில் எழுதி வைத்தவள். பரவாயில்லை என்ற சொல்லை உன் வாயால் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். உனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. நல்ல விஷயம்தான். நல்ல விஷயம், நல்ல விஷயம் என்று சொல்லிக்கொண்டே சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், அன்றைக்கு என் பார்சல் வாங்கினவர்கள் எல்லாம் பின்னேரம் வரைக்கும் தண்ணீர் குடித்திருப்பார்கள். நீ அங்கே வாங்கியிருக்கிற கார் கரண்டில் ஓடுகிறதாமே, அதுக்கு எஞ்சினே இல்லையாமே, அனுஷியா சொன்னாள். இங்கே ஒரு கார் எஞ்சின் இல்லாமல், அங்கே ஒரு கார் எஞ்சின் இல்லாமல், உனக்கு எஞ்சினோடு அப்படி என்ன கோபம்?

சரி, நீ பரவாயில்லை என்றதால் நானே தெரிவு செய்யப் புறப்பட்டேன். ஜவாத் முதலில் பஞ்சிகாவத்தைக்குக் கூட்டிப்போனான். அங்கே எஞ்சின்களை மீன் சந்தையில் பாரை மீன் கிடத்தியிருக்கிற மாதிரி வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள், நானும் பழக்கதோஷத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு மூடியைத் தூக்கிவிட்டேன், முதலாளி பதறிப்போனார். ஜப்பான் எஞ்சின் ஒன்று காட்டினார்கள், பளபளவென்று இருந்தது. ஜவாத்துக்கு அதில்தான் கண். சாவியத் திருப்பினா ஓடும் அக்கா, பத்து வருஷத்துக்கு நீங்க என்ட மூஞ்சியப் பாக்கத் தேவல்ல என்றான். ஆனால் அது உன் காருக்குள் அப்படியே இருக்காது, நடுவில் இருக்கிற தகர மேட்டை வெட்டி, எஞ்சினைத் தாங்குகிற கால்களையும் வெட்டி வேறு வைக்கவேண்டும், வெட்டினால் வெட்டினதுதான், பிறகு அந்தக் காரின் சொந்த எஞ்சின் கிடைத்தாலும் உட்காராதாம். மகள் சொன்னதுதானே, லேசானதை எடுப்போம் என்று எனக்கும் வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் அவன் சொன்ன அந்தப் பத்து வருஷக் கதை நெஞ்சுக்குள் எங்கேயோ கொளுவிக்கொண்டு நின்றது. இன்னொன்று இருக்கிறது என்றாயே ஜவாத், அதையும் பார்த்துவிட்டு வருவோம் என்றேன்.

இன்னொன்று கொட்டாஞ்சேனையில், ரொனி என்கிறவருடைய வீட்டில். துறைமுகத்தில் கிரேன் திருத்தின மனிசன், இப்போது பென்ஷன். அவருடைய மொரிஸ் மைனர் துருப்பிடித்து உதிர்ந்துபோக, எஞ்சினை மட்டும் வெளியில் விட மனம் வராமல் முன் ஹோலில் வைத்து, மேலே சரிகை வைத்த துணி விரித்து, அதற்கு மேல் ஒரு பூச்சாடி. நான் அதை மேசை என்று நினைத்துக் குடித்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன். அவர் கோப்பையை எடுத்துவிட்டுத் துணியை விலக்கினார், உன் காரில் இருந்த அதே எஞ்சின், ஒன்றும் வெட்டத் தேவையில்லை, ஆணி ஆணியாகப் பொருந்தும். ஜவாத் என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டு, இது கிழவன் எஞ்சின் அக்கா, மாசத்துல ஒருக்காவாச்சும் நிக்கும், எங்க நிக்கும் எண்டு அதுக்கே தெரியாது என்றான். நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். என்ன செய்ற, நாலு பேர் வந்து தள்ளுவாங்க, நீங்க எனக்குக் கோல் எடுப்பீங்க, நான் வந்து ஏசிட்டுத் திருத்துவன் என்றான். அப்ப இதுதான் என்றேன். அவன் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். அவனிடம் நான் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற சாமான் எல்லாம் பழுதே வராமல் ஓடுகிறது பிள்ளை, ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை. இன்னுமொன்றை அப்படி வாங்கி வைத்து நான் என்ன செய்ய?

ரொனி விலையைப் பற்றிக் கதைக்கவே இல்லை, யாரு ஓட்டப் போறது என்றுதான் கேட்டார். இங்கேதான் நான் இரண்டாவது வெட்கக்கேடு செய்தேன். மகள் சித்திரைக்கு வாறாள், அவள்தான் ஓட்டுவாள் என்று சொன்னேன். வெட்டக்கூடாது என்று நீ எழுதி வைத்ததையும் சொன்னேன். அந்த மனிசனுக்கு முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, அப்படிப்பட்ட புள்ளையா, வந்தவுடனே கூட்டிட்டு வாங்க, அவ கையில நான் ரெண்டு விஷயம் சொல்லிக் குடுக்கணும் என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டின தலையோடு சின்ன லொறியில் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் கோயிலடியில் நிற்பாட்டி ஒரு அர்ச்சனை. வாகனம் எங்கே அம்மா என்று ஐயர் கேட்டார், வாகனம் வீட்டில நிக்குது ஐயா, உயிரை மட்டும் கொண்டுவந்தனான் என்றேன். மாலையை எதில் கட்டுவது என்று தெரியாமல் அவர் லொறிக்குக் கட்டிவிட்டார், இப்போது லொறிக்காரனுக்கு நல்ல ஹயர் ஓட்டமாம். எஞ்சினில் பூசின சந்தனத்தை ஓட்டைகளுக்குள் இருந்து கிண்டி எடுக்க ஜவாத்துக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.

நாலு நாளாகக் கீழே வைத்துத்தான் எஞ்சினைக் காருக்குள் பூட்டினார்கள். அந்த நாலு நாளும் நான் மூன்று மணிக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்கவே இல்லை. ஒருத்தருக்கு வெறும் தேத்தண்ணி, ஒருத்தருக்குச் சீனி போடாதது, யோகநாதன் ஐயா தூரத்தில் நின்று சட்டம் சொன்னார், அவருக்கும் ஒன்று. இன்னொரு விஷயம், நான் கார் ஓட்டப் பழக லேர்னர்ஸில் சேர்ந்துவிட்டேன், எழுத்துச் சோதனை இரண்டாம் தரம்தான் பாஸ், எல் போர்ட் வாங்கிவிட்டேன். ரொனிக்குச் சொன்ன பொய்யில் பாதியையாவது உண்மையாக்கவேண்டும், ஓட்டப்போவது மகள் இல்லாவிட்டால் மகளின் அம்மா. நாளைக்கு மாத முடிவு, காலையில் ஐயாவுக்கு முன்னால் கேட் வரைக்கும் ஓட்டிக்காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரும்புக்காரன் வருவான். மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று ஐயா தரிப்பிடம் முழுக்கக் கேட் பக்கமாகச் சரிவு போடுவித்திருக்கிறார், அது ஒன்றுதான் எனக்குத் துணை.

உனக்குச் சொல்ல வேறென்ன. கறித்தூளைக் காற்றுப் போகாமல் மூடி வை, கொஞ்சமாகப் போடு, இந்தமுறை மிளகாய் உறைப்பு. உன்னோடு போட்டோவில் நிற்கிற அந்தத் தாடிக்காரப் பொடியனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டதாக நினைக்கவும் வேண்டாம், உறைப்புச் சாப்பிடுவானா என்று மட்டும் எழுது. முதுகு நோவுக்கு எண்ணெய் பூசு. பரவாயில்லை என்ற சொல்லை மற்றவர்களிடம் சொல்லு, என்னிடம் சொல்லாதே, என்னோடு சண்டை பிடி. எங்கே இருந்தாலும் நீ நல்லாய் இருக்கவேண்டும், நினைத்ததெல்லாம் உன் கைக்கு வரவேண்டும், அப்பாவும் மேலே இருந்து அதைத்தான் சொல்வார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, சித்திரைக்கு இல்லாவிட்டாலும் எப்போதாவது ஒருமுறை வந்து கொட்டாஞ்சேனையில் ரொனிக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போ. எனக்காக இல்லை, அம்மா பொய்க்காரி ஆகாமல் இருப்பதற்காக.

உன்னைப் பெற்றதற்காக இன்னும் வருத்தப்படாத
அம்மா,
பத்மாவதி.

பி.கு. புதன்கிழமை காலை பத்து மணி. காரின் நாலு ரயருக்கும் கீழே நல்ல சகுனத்துக்குத் தேசிக்காய் வைத்தோம். மூன்றாம் தரம் சாவியைத் திருப்ப எஞ்சின் பிடித்தது. தேசிக்காய்களை நசித்து, ஒரு முழம் போய் நின்றது. ஜவாத் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, தள்ளுங்க, பிடிக்கும் என்று சொல்லிப் பின்னால் வந்தான். வாச்சர் தள்ளினான், ஸும்றாவும் புருஷனும் தள்ளினார்கள். யோகநாதன் ஐயாவும் பைலைக் கீழே வைத்துவிட்டுத் தள்ள வந்தார். எழுபத்துமூன்று வயது மனிசன் தள்ள நான் உள்ளே கதிரையில் இருப்பது மரியாதை இல்லை என்று நானும் இறங்கிவந்து தள்ளினேன். கார் நன்றாகப் போனது. எங்கள் கையை விட்டுப் போன பிறகுதான் உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. காருக்கு ஒன்றும் இல்லை, முன் பம்பரில் ஒரு சின்னக் கீறல். நோட்டீஸ் பலகையின் இரண்டு காலும் கண்ணாடியும் காருக்குக் கீழே இருக்கின்றன. வாகனம் கேட் வரைக்கும் போனது என்று ஐயா பைலில் எழுதிக் கையெழுத்து வைத்தார். புதுப் பலகை செய்யும் வரைக்கும் நோட்டீஸ் எல்லாம் எங்கள் காரின் பின் கண்ணாடியில்தான் ஒட்டப்படும், இருபத்துநாலு வீட்டாரும் அங்கே வந்து வாசிக்கவேண்டும் என்று கொமிட்டி முடிவு. இப்போது ஒட்டியிருப்பது, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி முதல் தண்ணீர் வராது.