அழுக்குப் பஞ்சு

ஆகஸ்ட் 6, புதன்

அம்மாவிடம் இன்று சொல்லாதது: மீன்தொட்டி வடிகட்டியில் இருக்கும் அந்தக் கறுத்த பஞ்சு முழுக்கக் கிருமி. நல்ல கிருமி. மீன்களின் கழிவு விஷமாகாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

சொல்லாத காரணம்: அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கிருமியைக் கொன்றுதான் என்னைப் படிக்க வைத்தாள். அவளிடம் போய் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பாடமா?

பஞ்சு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து வண்ணமீன் கடை அண்ணன் கொடுத்தது. அவருடைய பழைய தொட்டியிலிருந்து. "புதுத் தொட்டின்னா ஒரு மாசம் மீனு வுடாம சும்மா தண்ணிய ஓட்டிக்கினு இருக்கணும்மா. அவசரம்னா இந்த அழுக்க எடுத்துக்கினு போ. கழுவிக்கிழுவி வெச்சிடாத."

கப்பி மீன் ஐந்து. கல்வராயன் மலைப் பக்கம் மின்னல். நாளை மறக்காமல் குடை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆறாம் வகுப்புத் தாள்கள் பாதிதான் திருத்தினேன். படிக்க எடுத்த நாவல் மூன்று நாளாக அதே பக்கம். எல்லாம் தொட்டியால்.

அம்மா: "இன்னாடி, இதுங்க தூங்கவே தூங்காதா?" சிவப்பு வால்காரனுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். வேலை எதுவும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வருகிறானாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மலைப் பள்ளியிலிருந்து வீடு வர ஆறு மணி. வீடு முழுக்கக் கழுவி, நிலைக்கு மஞ்சள், குங்குமம். கொடியில் என் துப்பட்டா. பக்கத்தில் கிளிப் போட்டு, வெள்ளை வெளேரென்று பஞ்சு.

"சோப்புத் தூள்ல மூணு வாட்டி ஊற வெச்சேன். எவ்ளோ கறுப்புடி! நாளும் கெழமையுமா இத்த தொட்டில வுட்டு வெச்சிருக்க."

முகத்தில் அத்தனை பெருமை. "நல்லா இருக்கும்மா" என்றேன். சோப்பு போக அலசி, திரும்ப மாட்டினேன். கோழை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்று செத்துவிட்டது. மற்ற நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. "பசி போல" என்று அம்மா ஒரு பிடி தீனியோடு வந்தாள். கையைப் பிடித்து எல்லாம் சொன்னேன்.

"அப்போ நாந்தான் கொன்னனா?"

"சொல்லாம இருந்தது நான்தாம்மா."

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஆஸ்பத்திரில கழுவலன்னா திட்டு. வூட்ல கழுவுனா கொலகாரி!" சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பாதித் தண்ணீரை மாற்றினோம். நான் குழாயடிக்குப் போக, "பிளீச்சிங் வாசன அடிக்குது பாரு. போர் தண்ணி ஊத்து." பிளீச்சிங் நல்ல கிருமியையும் கொன்றுவிடும். அந்த மூக்கு எனக்கு இல்லை. பிறகு அவளே ஷேர் ஆட்டோ ஏறிக் கடைக்குப் போனாள்.

கடை அண்ணன் போனில்: "உங்கம்மா வந்து, 'நல்ல அழுக்கா ஒண்ணு குடுங்க, சுத்தமா இருந்தா வாணாம்'ன்றாங்கம்மா!"

ஆகஸ்ட் 13, புதன்

புது அழுக்கு மாட்டி மூன்று நாள். தினமும் ஒரு வாளித் தண்ணீர் மாற்றம். மீன்கள் கீழே இறங்கிவிட்டன. தீனி, ஒரு சிட்டிகை.

"வேற இன்னா இன்னா எங்கிட்ட சொல்லாம வெச்சிக்கினு இருக்க?"

"உன் கொழம்புல புளி ஜாஸ்தி."

"இத்தினி வருசமாவா?"

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய். மதியமே வீடு. அம்மா தரை, ஜன்னல், மின்விசிறி எல்லாம் கழுவிவிட்டாள். தொட்டியைத் தொடவில்லை. நான்கு மீனும் உயிரோடு இருக்கின்றன.