இரண்டு கொலைகாரரின் பாசமிகு தாயார்

அன்புள்ள ஹில்டா மிஸ்,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட கொப்பிதான், ஆனால் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டோம் என்கின்றன. நேற்று நான் எழுதிய 'ஐ'யைப் பார்த்துவிட்டு என் மனைவி கமலா, "இதென்ன, இறாலோ?" என்று கேட்டாள். நாற்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டிய கை இது. இந்த ஒரு பந்திக்கே ஒரு பின்னேரம் போய்விட்டது.

ஓம் மிஸ், நான்தான் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு வாசிகசாலையில் பெரியாட்களுக்கென்று தொடங்கிய எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். எழுபத்து நான்கு வயதில் கடைப்பலகைகளை வாசித்துக்கொண்டு தெருவில் நடப்பது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கமலா இப்போது என்னோடு சந்தைக்கு வருவதில்லை. ஒவ்வொரு பலகைக்கும் நான் நின்றுவிடுகிறேனாம்.

சனிக்கிழமை உங்களுடைய முதலாம் ஆண்டு நினைவு நோட்டீசை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இம்முறை என் கையாலேயே எழுதிவிட்டேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் உங்களைக் கேட்காமல் போட மனம் வரவில்லை. அதற்குமுன் போன வருடத்து நோட்டீசைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீங்கள் போன அன்று காலை தேத்தண்ணீரோடு மாடிக்குப் போன கமலா இறங்கி வந்து, "மிஸ் கதிரையில செத்த மாதிரி இருக்கிறா. இந்த முறை கண்ணைக்கூடச் சிமிட்டேல்லை, நல்ல நடிப்பு" என்றாள். அவளில் பிழையில்லை. பதினொரு படத்தில் செத்தவர் நீங்கள். பதினொன்றையும் எங்கள் விறாந்தையில் செய்து காட்டியிருக்கிறீர்கள். நஞ்சு குடித்து ஒருதரம், ரயிலிலிருந்து விழுந்து ஒருதரம். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "சண்முகம், நம்பினீங்களோ?" என்று கேட்பீர்கள். அன்றைக்கு நாங்கள் அரை மணித்தியாலம் காத்திருந்தோம். நீங்கள் கேட்கவில்லை.

அச்சகத்தில் யோகன் பேனையை எடுத்துக்கொண்டு, "உறவுக்காரர் ஆர் ஆர், அண்ணை?" என்றான். யாரைச் சொல்வது? இங்கே ஒரு படம் எடுக்க வந்த வெள்ளைக்காரக் கூட்டத்தோடு, ஹோட்டலில் சூப் சரியில்லை என்று முறைப்பாடு சொல்லும் கிழவியாக நடிக்க வந்தீர்கள். படம் முடிந்து எல்லாரும் போனார்கள், நீங்கள் எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்து ஒன்பது வருடம் இருந்தீர்கள், எங்கள் தமிழும் பழகினீர்கள். ஒரு காகிதம்கூட உங்களைத் தேடி வந்ததில்லை. உறவில்லாத நோட்டீசை வாசிக்கிற சனம் 'பாவம், ஒருத்தரும் இல்லாத மனிசி' என்று சொல்லாதா?

"அவ படத்தில நடிச்சவ" என்று தொடங்கி, உங்கள் வேடங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். யோகன் தலை நிமிராமல் எழுதினான்.

"படத்தில எண்டதையும் போட்டியோ?"

"எல்லாம் போட்டாச்சு, நீங்கள் போங்கோ அண்ணை."

பஸ் நிலையம், மீன் சந்தை, துறைமுக வாசல் என்று எல்லாத் தாளையும் நானே பசை பூசி ஒட்டினேன்.

அடுத்த நாள் செத்தவீட்டுக்கு வந்த சனத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்தார்கள், தம்பலகாமத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்தார்கள். ஊருக்கு உங்கள் மேல் இவ்வளவு அன்பா என்று நான் அழுதேன். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, எல்லாரும் வாசல் கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீன் விற்கிற ரசாக் என் காதுக்குள், "சண்முகண்ண, மகன்மார் ரெண்டு பேரும் இன்னும் வரல்லயா?" என்று கேட்டான்.

"ஆற்ற மகன்மார்?"

"சரி சரி, நான் ஒண்டும் கேக்கல்ல."

போன மாதம்தான் விஷயம் விளங்கியது. மீன் சந்தைக்குள் ஒரு தாள் கூரைக்குக் கீழே உரியாமல் இருந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். 'இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் திருகோணமலையை வதிவிடமாகவும் கொண்ட செல்வி ஹில்டா அவர்கள் காலமானார். அன்னார் ஏழு பேரின் அன்பு மனைவியும், இரண்டு கொலைகாரரின் பாசமிகு தாயாரும், ஓர் இளவரசனின் அருமைப் பெரிய தாயாரும் ஆவார்.' படம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

ரசாக் கத்தியைக் கீழே வைத்தான். "இப்பதான் வாசிக்கிறீங்களா? ஊரே வாசிச்சிட்டுது. உங்கட முகத்தப் பாத்துச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரல்ல."

யோகனிடம் போனேன். "தாளில இடம் காணேல்லை, அண்ணை. ரெண்டு சொல்லைத்தான் எடுத்தனான்" என்றான்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது, ரசாக் தண்ணீர் கொண்டுவந்து தரும்வரை நிற்கவில்லை. ஐம்பது வருடம் நடித்தும் ஒரு படத்திலாவது உங்கள் பெயரை முதலில் போட்டார்களா? உங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டு நிமிடம். கதாநாயகன் அழும்போது நீங்கள் பேசாமல் பாணுக்கு வெண்ணெய் பூசுவீர்கள், சனம் உங்கள் கையைத்தான் பார்க்குமாம். அன்றைக்கோ முழு ஊரும் உங்கள் கதையின் மிச்சத்துக்காக வெயிலில் நின்றது. அதை எங்கிருந்தாவது பார்த்தீர்களா, மிஸ்?

சிரிப்பு நின்றது அந்தத் தாளின் கடைசி வரியில். 'தகவல்:' என்று போட்டு, உறவுக்காரர் தங்களைப் போடுகிற அந்த இடத்தில் வெறுமை. அதில் யாரைப் போடுவது என்று யோகன் கேட்டபோது, "ஒருத்தருமில்லை, விடு" என்று சொன்னவன் நான்தான். ஒன்பது வருடம் எங்கள் குசினியில் கமலாவோடு உப்புக்குச் சண்டை பிடித்துச் சாப்பிட்டவருக்கு ஒருத்தருமில்லையா? வீட்டுச் சொந்தக்காரன் என்பதைத் தவிர எனக்கு வேறு உரிமை இல்லை என்று நினைத்துவிட்டேன்.

தாய், மனைவி, பெரியம்மா, மாமியார் எல்லாம் நடித்த உங்களிடம், நடிக்காத வேடம் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "ஒருத்தருக்கும் அக்காவா நடிச்சதில்லை, சண்முகம். ஒருத்தரும் கேக்கேல்லை" என்றீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த இடத்தில் 'தம்பி' என்று போடட்டுமா?

கமலாவிடம் சொன்னேன். "வெள்ளைக்காரிக்கு நீங்கள் தம்பியோ? கண்ணாடியைப் பாருங்கோ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் குசினியிலிருந்து, "அப்ப நான் மச்சாள். அதையும் போடுங்கோ" என்று குரல் வந்தது.

சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. விருப்பமில்லையென்றால் எப்படியாவது தெரியப்படுத்துங்கள். அசையாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். இம்முறை ஒவ்வொரு தாளையும் வாசித்துவிட்டுத்தான் பசை பூசுவேன். எத்தனை பேர் நின்று வாசித்தார்கள், ரசாக் என்ன சொன்னான் என்பதெல்லாம் அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுவேன், எத்தனை பின்னேரம் போனாலும்.

மறுப்பு வராதவரை,
உங்கள் தம்பி
சண்முகம்