பாயில் படுத்திருக்கும் பெண்

ரெய்னர்ஸ் லேன்
02.09.2024

இஞ்சாருங்கோ,

சுகமாக இருக்கிறீர்களா? போனில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது, எழுதுங்கோ என்று மகள் மேனுஷா சொன்னபடி எழுதுகிறேன். இந்த அறைக்கு வந்து எட்டு மாதமாகிறது. தீபாவளிக்குள் வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. முப்பது வருசத்தை உதறிவிட்டுப் போக நான் என்ன கல்லா?

பதில் சொல்லமுன் ஒரு வேலை செய்யுங்கோ. நான் படம் கீறப் பழகுகிற வகுப்பில் எங்கள் படங்களை நூலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். என்னுடையது பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல். பார்க்கில் குடும்பங்களும் பிள்ளைகளும் ஆறுதலாக இருக்கிற படம். போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கோ.

பிறஷர் குளிசை போட மறந்து போகாதேயுங்கோ.

கமலாம்பிகை

ஹரோ
15.09.2024

அன்புள்ள கமலாவுக்கு,

போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாய் வந்திருக்கிறது. மரத்தடியில் செல்வரத்தினம் அண்ணையோடு காட்ஸ் விளையாடுவது நான்தான். என்ர மொட்டையை இவ்வளவு மினுக்கியிருக்கத் தேவையில்லை. பந்துக்குப் பின்னால் ஓடுவது சின்ன வயதில் மேனுஷா.

உம்மைக் கண்டுபிடிக்கவும் நேரமெடுக்கவில்லை. பின்னுக்கு, பாபிகியூப் புகைக்குள் நிற்கிறீர். எல்லாருக்கும் இறைச்சி சுட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் அல்லவா நீர். அதிலேயே நின்று கண் கலங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. முன்னுக்குப் பாயில் ஒரு பெண் வெறுங்காலோடு நித்திரை கொள்கிறாளே, ஆர் அவள்? படத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். எங்கட ஆக்களில் பொம்பிளையள் ஒருத்தரும் அப்படிப் படுக்கமாட்டினம்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வாரும்.

யோகலிங்கம்

ரெய்னர்ஸ் லேன்
22.09.2024

இஞ்சாருங்கோ,

கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன். பிழை என்னுடையதோ என்று நேற்று நூலகத்துக்குப் போய்ப் படத்தை மறுபடியும் பார்த்தேன். புகைக்குள் நான் ஒருவரையும் கீறவில்லை. அங்கே அடுப்பு மட்டும்தான் இருக்கிறது.

பாயில் படுத்திருப்பது நான். முகத்தை மறைக்கவில்லை, நாடியில் இருக்கிற மச்சத்தைக்கூட வைத்திருக்கிறேன். மேனுஷா கண்ட உடனேயே, "அம்மா, பகலிலை நித்திரை கொள்ளுறீங்கள்," என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக. நீங்கள் கண் கலங்கியது பொய்யில்லை என்றும் தெரியும். அந்த வரியை வாசித்துத்தான் நான் அழுதேன். நான் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என்னை அந்தப் புகைக்குள்தானே தேடுவீர்கள். எனக்கு இனி அங்கே நிற்க ஏலாது.

அதனால் வரவில்லை. இந்த அறையை இன்னும் ஒரு வருசத்துக்கு எடுத்துவிட்டேன்.

தீபாவளியன்று பின்னேரம் இஞ்சை வாங்கோ. கடையில் சாப்பாடு எடுத்து இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம்.

கமலாம்பிகை