தெற்குச் சன்னலில் போட்ட சோபா

ஜூன் 2, வெள்ளி

பத்திரிகை வந்தது. பதினான்காம் பக்கம் முழுக்க, டார்க்கி ஊரில் நாங்கள் சாமான் போட்ட வீட்டின் கூடம். கடுகு மஞ்சள் நாற்காலி, தலைக்கு மேல் காகித விளக்கு, காலடியில் சாம்பல் கம்பளம். மூன்றையும் அப்படி வைத்தவள் நான். கீழே முதலாளி இமோஜென் பெயர். டென்மார்க்கில் ஒரு மாலைப்பொழுதில் தோன்றிய யோசனையாம். அடிப்பாவி! நான் அதையெல்லாம் வைத்த அன்றைக்கு நீ காரில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாய். நான் அடிலெய்டைத் தாண்டியதே இல்லை.

விற்கப்போகும் வீட்டில் வாடகைச் சாமான் போட்டு மினுக்குவது அவள் தொழில். லாரி ஓட்டுவதும் தூக்குவதும் நானும் மனாசேயும். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள் நான். ஆனால் பதினொரு வருடமாகத் தூக்குகிறேன். நல்ல நாற்காலி கையில் எடுத்ததுமே சொல்லிவிடும். கனம் சரியான இடத்தில் இருக்கும், குழந்தையை இடுப்பில் வைத்த மாதிரி. மட்டமானது குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும்.

போய்க் கேட்டேன். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நீ தூக்கு நரெல். யோசிக்கிறது என் வேலை."

சரி தாயே.

ஜூன் 5, திங்கள்

இன்னும் எரிகிறது. அவள் காபியில் உப்புப் போடலாமா? சின்னப் பிள்ளைத்தனம். பெரிதாக வேண்டும். ஊர் பார்க்க வேண்டும்.

ஜூன் 7, புதன்

கிடைத்துவிட்டது! தேடிப்போகவே இல்லை, அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

பெல்மாண்டில் டெஸ் என்பவரின் செங்கல் வீடு. இமோஜென் வீட்டுக்கு வரவேயில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் போட்டு அனுப்பினாள். வெள்ளைச் சுருள் கம்பளி சோபா, ஓக் மரக் கால் வைத்த இரண்டு நாற்காலி, கல் மேசை, எல்லாம் தெற்குச் சன்னல் ஓரம். பக்கத்தில் எழுதியிருந்தாள்: "வெயில் கொட்டும் மூலை."

அவள் தொழில் படித்தது இங்கிலாந்தில். அங்கே சூரியன் தெற்கே போகும். இங்கே ஜீலாங்கில், பூமியின் தென்பாதியில், வடக்கே போகும். நம் ஊரில் ஜூன் குளிர்காலம், தெற்கு அறையில் வெண்ணெயைப் போட்டால் செப்டம்பர் வரை உருகாது. இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது, கை இன்னும் அந்த ஊர்க் கணக்கில்தான் வரைகிறது.

மனாசே சோபாவின் மறுமுனையைப் பிடித்தபடி முழித்தான். "அக்கா, இது ஐஸ்பெட்டி. இங்கயா போடச் சொல்றாங்க?"

"படத்துல அப்படித்தான் இருக்கு."

"சொல்லுக்கா அவங்ககிட்ட."

"நாம தூக்குறவங்கப்பா. மூளையெல்லாம் லாரியிலேயே விட்டுட்டு வந்துட்டோம்."

சிரித்துக்கொண்டே போட்டேன். மெத்தையைத் தட்டிக்கூட வைத்தேன்.

டெஸ் தேநீர் கொடுத்தார். எண்பது இருக்கும். பெண்டாட்டி பெரில் வார்னம்பூலில் முதியோர் இல்லத்தில். அதற்கு எதிரிலேயே ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறார். இதை விற்றால்தான் அது. இம்மாதக் கடைசி வரைதான் அவருக்காக நிறுத்தி வைப்பார்களாம்.

"பெரில் எப்பவும் வடக்குச் சன்னல்கிட்டதான் உக்காருவா," என்றார். "நீ சொல்லும்மா, இது சரியா இருக்கா?"

என் முகத்தையே பார்த்தார்.

"நான் தூக்குறவ, டெஸ்," என்றேன்.

ஜூன் 14, புதன்

வீட்டைப் பார்க்க ஆள் வரும் நாள். புல்தரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். உள்ளே போனவர்கள் கோட்டைக் கழற்றவில்லை. ஒருத்தி சோபாவில் உட்கார்ந்தாள், கையைத் தேய்த்தாள், எழுந்தாள். "அழகுதான். ஆனா பிணவறை மாதிரி இருக்கு." எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. இமோஜென் ஹீட்டரைத் திருகுகிறாள், திருகுகிறாள். திருகு கண்ணே.

ஜூன் 17, சனி

பதினொரு மணிக்கு டெஸ் வீட்டு நடைபாதையில் விற்பனை ஏலம். தெருவே கூடி நின்றது. தரகன் ஸ்டாவ் தொண்டை கிழியக் கத்தினான். ஒரே ஒரு கை எழுந்தது, ஒரு இளம் ஜோடி. அதுவும் டெஸ் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். விற்கவில்லை. இமோஜென் முகம் சுவர் வெள்ளைக்குப் போனது. இதைப் பார்க்கத்தானே பத்து நாளாகக் காத்திருந்தேன்!

அப்புறம் டெஸ் எங்களிடம் வந்தார். "நீங்க அவ்வளவு பாடுபட்டீங்க. மன்னிச்சுக்கோங்க. வீடு பழசாப் போச்சு."

என்கிட்ட மன்னிப்பு கேக்குறாரு. என்கிட்ட!

மீனும் சிப்ஸும் வாங்கினேன். மனாசே இரண்டு பங்கும் தின்றான்.

ஜூன் 18, ஞாயிறு

யாரைக் குறி வச்சேன், யார் மேல விழுந்துச்சு? கழுதை. நீ ஒரு கழுதை நரெல்.

ஸ்டாவுக்குப் போன் போட்டேன். அந்த ஜோடி நாளை ஒரு மணிக்கு இன்னொரு தடவை பார்க்க வருகிறார்களாம்.

ஜூன் 19, திங்கள்

காலை எட்டு மணிக்கே மனாசேயோடு போனேன். யாரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வடக்கு அறைக்கு இழுத்தோம். சோபாவைச் சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டேன், உட்கார்ந்தால் பிடரியில் வெயில் படட்டும் என்று. கல் மேசையை ஒதுக்கிவிட்டு டெஸ்ஸின் பழைய தேயிலைப் பெட்டியை வைத்தேன். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அது என்னமாய் இருந்தது!

டெஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். தெரிந்தேதான் குளிரில் போட்டேன் என்று. பெட்டியின் மூடியை ஒரு தடவை தடவினார். பிறகு, "பெட்டியை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு," என்றார்.

ஜோடி ஐம்பது நிமிடம் உட்கார்ந்தது. அந்தப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டான். கிளம்பும் முன் டெஸ் கேட்ட விலைக்கே கையெழுத்து.

ஜூன் 20, செவ்வாய்

இமோஜென் போனில்: "யாரைக் கேட்டு மாத்தின?"

"சூரியனைக் கேட்டேன்மா. நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்."

வேலை போச்சு. மனாசேயும் லாரிச் சாவியைத் தூக்கி அவள் மேசையில் வீசிவிட்டு வந்துவிட்டான், மடையன். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

ஜூன் 30, வெள்ளி

டெஸ்ஸை வார்னம்பூலில் கொண்டுபோய் இறக்கினோம். வாடகை லாரி. ஒன்பது பெட்டி.

ஜூலை 22, சனி

ஹைட்டனில் ஸ்டாவ் விற்கும் வீடு, மினுக்கும் வேலையை என்னிடமே கொடுத்தான். வாடகைச் சாமான் எதுவும் என்னிடம் கிடையாது. வீட்டுக்காரர்களுடைய சாமானையே இடம் மாற்றி, பாதியைக் கார் கொட்டகையில் அடைத்தேன். மனாசே தூக்க, நான் நடுவில் நின்று விரலை நீட்டினேன். "மகாராணி, அடுத்து எங்கே?" என்று முனகிக்கொண்டே தூக்கினான்.

பன்னிரண்டு மணிக்கு இமோஜென் உள்ளே வந்தாள். யார் வேண்டுமானாலும் வரலாம், பார்வை நேரம்தானே. என்னைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். கோட்டைக் கழற்றினாள். வெயில் விழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது நிமிடம், கடிகாரம் பார்த்தேன். போகும்போது ஸ்டாவிடம், "யார் செஞ்சது?" என்று கேட்டாள்.

அவன் வாசல் பலகையைக் காட்டினான். நின்று படித்தாள். என் பெயர் சின்ன எழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் படித்தாள்.