மிஸ்ரிலிருந்து வந்த இலக்கணம்

1974 ஜனவரி 30, புதன். முஹர்ரம் பிறை 6

பதுளையில் காலை முழுதும் பனிமூட்டம். விடியற்கால ஸுப்ஹு தொழுகைக்குப் பின் பாண் ரொட்டிக்கு வரிசை. ஒரு றாத்தல் கிடைத்தது. என் துணிக்கடையில் விற்பனை இல்லை. பசறைத் தோட்டத்திலிருந்து வந்த பெண்ணொருத்தி சேலையைத் தொட்டுப் பார்க்க, கூட வந்தவள்: "மாவே கெடைக்கல, சேலை கேக்குதா ஒனக்கு?" இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வந்திருக்கும் மகன் ஸுபைர் இன்றுதான் பெட்டியைப் பிரித்தான். மிஸ்ருக்கு (எகிப்து) மார்க்கம் கற்கப் போனவன். மார்க்கக் கிதாபுகள் வெளிவருமென்று, தொழுகைக்குப் போல் கைகால் கழுவி உளூவுடன் எதிரே அமர்ந்தேன். வந்தது தடித்த ஆங்கில நூல். உள்ளே எழுத்துக்குப் பதில் பறவை, பாம்பு, கால், கண் படங்கள். மார்க்கப் படிப்பை விட்டு இரண்டாண்டு ஆகிறதாம். அந்நாட்டின் பண்டை மொழி, அதிலும் அதன் பிற்கால நிலை, அதன் இலக்கணம்: இதுதான் இப்போது படிப்பு.

"யாருடைய மொழி அது?"

"பிர்அவ்ன்மார்ட காலத்து மொழி, வாப்பா."

மூஸா நபியின் பகைவனான பாரோ மன்னனின் மொழி! எழுந்து போய் மறுபடி உளூ செய்தேன். ஏனென்று எனக்கே விளங்கவில்லை.

துறை மாறியதைக் கடிதத்தில் எழுதியிருந்தான்தான். மார்க்கத்துக்குள்ளேயே இன்னொரு துறையென்று கொண்டேன். மிஸ்ருக்குப் போனவன் வேறெதைப் படிப்பான்?

ஜனவரி 31, வியாழன். பிறை 7

செய்யவேண்டியவை: மண்ணெண்ணெய். நோன்புக் கஞ்சிக்கு அரிசி (எங்கே?). பள்ளிவாசல் நிர்வாகி மரைக்காரிடம் பேசுதல். பண்டாரவளை.

மண்ணெண்ணெய் மட்டும் ஆயிற்று.

ஞாயிறு ஆஷூரா. மூஸா நபி பிர்அவ்னிடமிருந்து கரையேறிய நாள். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஸுபைர் பள்ளியில் பயான் என்னும் மார்க்க உரை செய்யவேண்டுமென்று மரைக்கார் முன்னமே ஊருக்குச் சொல்லிவிட்டார். பண்டாரவளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் காஸிம் ஹாஜியாரும் கேட்க வருகிறார். மௌலவி மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்தால் தம் மகள் நபீஸாவைத் தர இசைந்தவர். அந்தப் பெண்ணைத் தவிர வேறெவரும் வேண்டாமென்று ஸுபைர் தன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் பெண் இல்லை. சொல்லாவிட்டால், அல்லாஹ்வின் வீட்டில் என் மகன் தான் அல்லாத ஒன்றாக அமர்வான்.

என் மனைவி ஹலீமாவின் யோசனை: "மூஸா நபிட கதை அவனுக்குத் தெரியாதா? மேடைல ஏறி அதச் செல்லிட்டு எறங்கட்டும். நிக்காஹ் முடிஞ்ச பொறகு மத்ததப் பாப்பம்."

கதை பொய்யில்லை; சொல்லப்போகிறவன் மௌலவியில்லை. அதுவும் குழப்பம்.

மாலையில், அந்த நூலில் என்ன பாவம் இருக்கிறதென்று பார்க்கவாவது வாசித்துக் காட்டச் சொன்னேன். அரபியைப் போலவே உயிரொலி எழுதுவதில்லையாம். 'அவன்' என்பது ஒற்றை எழுத்தாய்ச் சொல்லின் வாலில் ஒட்டுமாம். இவ்வளவும் விளங்கிற்று. பிற்காலத்தில் வினை தளர்ந்துவிடுகிறது: 'கேட்டான்' என்று முன்பு ஒரே சொல்லில் முடித்தவர்கள், 'கேட்டலைச் செய்தான்' என்பது போல இரண்டாக்கிக்கொள்கிறார்கள். பழம்பாடல்களின் செறிவில் ஊறிய எனக்கு இது மொழியின் தேய்வாகவே பட்டது. சொன்னேன்.

"தேய்வில்ல வாப்பா, பேச்சு. கோயிலுக்குப் பழைய மொழியை வச்சிக்கிட்டாங்க. வீட்டுக்குக் கடிதம் இதுல எழுதினாங்க."

பெப்ரவரி 1, வெள்ளி. பிறை 8

ஜும்ஆ. பள்ளி வாசலில் பலர் அவன் கையைப் பற்றி, மார்க்க அறிஞரை அழைப்பது போல "ஹஸ்ரத்" என்றார்கள். அவன் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தான். திரும்பும் வழியில் ஒரே வார்த்தை: "ஹாஜியார்ட்ட உண்மைய நீங்க செல்லுங்க வாப்பா. இல்லாட்டி ஞாயித்துக்கெழமை எல்லாருக்கும் முன்னால நான் செல்வேன்."

பிற்பகல் மீண்டும் அந்த நூல். தனியே நிற்கமாட்டாத வினை ஒன்று இருக்கிறது. காலத்தையும் ஏவலையும் முன்னால் நின்ற வினையிடமிருந்தே பெறுமாம். நம் எச்சம் போலும் என்றேன். முழுதும் அப்படியில்லை என்றான். வேறுபாட்டை மூன்று விதமாய் விளக்கினான். ஒன்றும் ஏறவில்லை. தலைவலி.

எடுத்துக்காட்டுகளில் மந்திரமும் சிலை வணக்கமும் இருக்குமென்று எண்ணியிருந்தேன். இருந்தவை வேறு. மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளிகள், தானியம் வந்து சேரவில்லை, பசிக்கிறது என்று முறையிடுகிறார்கள். ஒரு வழக்கு. ஒரு கழுதை பற்றிய சச்சரவு. பிர்அவ்னின் ஊரில் பசித்தவர்களும் இருந்தார்கள் என்பது இத்தனை ஆண்டு ஓதியும் என் நெஞ்சில் தைக்காமற்போனதேன்?

பெப்ரவரி 2, சனி. பிறை 9

ஆஷூரா நோன்பின் முதல் நாள். பண்டாரவளைக்கு பஸ்ஸில், நின்றபடியே.

ஹாஜியார் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். தராசைக் கீழே வைத்தார்.

"பிர்அவ்ன்ட பாஷையா? அதுல என்னத்த ஓதுற?"

தானியம் கேட்ட தொழிலாளிகளைப் பற்றிச் சொன்னேன். சிதறிய ஆணிகளை அள்ளிப் பெட்டியில் போட்டார். பிறகு, மூஸா நபி பிர்அவ்னோடு எந்த மொழியில் வாதிட்டார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். மார்க்கம் அறிந்தவனென்று பெயரெடுத்த நான், கடையில் நால்வர் கேட்க. நாளை வருவதாகவோ வரமாட்டேனென்றோ அவர் சொல்லவில்லை.

திரும்பியதும் மரைக்காரிடமும் சொன்னேன். அவர் கடுகடுப்பு: "தொழவைக்கிற லெப்பையே பயான் செய்வார். பிர்அவ்ன் பக்கம் பேச ஆள் தேவப்பட்டா உங்கட மகனக் கூப்பிடுறேன்."

நோன்பு திறக்கக் கஞ்சியை என் முன் வைத்துவிட்டு ஹலீமா அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரி 3, ஞாயிறு. ஆஷூரா

தூறல். லெப்பையின் வழக்கமான பயான். ஸுபைர் கடைசி வரிசையில். ஹாஜியார் வந்திருந்தார்; பள்ளியில் ஸலாம் மட்டும்.

நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தேன். மறுக்கவில்லை. கஞ்சி குடித்து முடித்தபின் ஸுபைரிடம் நேராகவே கேட்டார்.

"இந்தப் படிப்ப முடிச்சிட்டு இங்க வந்து என்ன செய்வீங்க?"

"தெரியல்ல."

"வருவீங்களா?"

"அதையும் இப்ப சத்தியம் பண்ண ஏலாது."

திரைக்குப் பின்னால் ஹலீமாவின் வளையல் ஒலித்தது. எல்லாம் முடிந்ததென்றே எண்ணினேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நிக்காஹ முடிச்சி ரெண்டு பேருமாப் போங்க. தனியாப் போயிட்டு வாறேன்னா நான் நம்பமாட்டேன்."

ஹலீமா அழுகிறாள். நானும் ஏதோ பிதற்றினேன், என்னவென்று நினைவில்லை. இவர் என்னைக் காட்டிலும் தெளிவானவரா, அல்லது என்னைப் போலவே விளங்காமல் துணிந்தவரா?

ஒரு சிக்கல். ஸுபைரின் விடுமுறை அடுத்த மாதமான ஸபரின் நடுவில் முடிகிறது. முஹர்ரத்தில் நிக்காஹ் வைக்கும் வழக்கமே ஊரில் இல்லை. "ஸபர் பீடை மாசம், அதுல வேணவே வேணாம்" என்று படியிறங்கும்போது ஹாஜியார்.

இரவு இஷா தொழுகைக்குப் பின் கையிலிருந்த கிதாபுகள் அனைத்தையும் புரட்டினேன். ஸபரில் மணம் கூடாதென்று ஓரிடத்திலும் இல்லை. இதில் எனக்குக் குழப்பமே இல்லை. நாளை முதல் பஸ்ஸில், கிதாபுகளோடு, பண்டாரவளை.