அவள் அவ்வளவுதான் பேசுவாள்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, அவரைப் போலவே. உனக்கு வரும் கவரையெல்லாம் மாப்பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார் என்று உன் ஆபீஸ் தோழி சொன்னாள். அதனால் இதை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நீ வரையும் கிராஃபிக் நாவலின் நான்காம் பாகம் வந்தது. வழக்கம்போலப் பேச்சு பலூன்களுக்குள் வசனம் எழுத மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே போகமாட்டேன் என்கிறது. முதல் பாகத்தில் கணவன் பலூனும் மனைவி பலூனும் ஒரே அளவு. அவள் வாயாடி, உன்னைப் போல. இப்போது அவள் பலூனில் நாலு வார்த்தையை ஊசி முனையால்தான் எழுத வேண்டும். அவன் பலூன் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"கொஞ்சம் பெருசா போட்டு அனுப்புடி" என்று போனில் கேட்டேன். பக்கத்தில் மாப்பிள்ளை இருமுவது கேட்டது. "அவ அவ்வளவுதான் பேசுவாக்கா" என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு எல்லாப் பக்கங்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். அவனை மை கொட்டிக் கறுப்பாக, கட்டத்தின் நாலு பக்கமும் முட்டும்படி வரைந்திருக்கிறாய். அவளுக்கு மெல்லிய பென்சில் கோடு, அதுவும் பாதம் இல்லாமல். வெயிலுக்கு அவன் பனியனோடு உட்கார்ந்திருக்க, அவளுக்கு மணிக்கட்டு வரை முழுக்கை. போன மாதம் வீடியோவில் நீயும் முழுக்கைதான் போட்டிருந்தாய்.

என்னை அதிகம் பயமுறுத்தியது அவன் முகம்தான். முதல் பக்கத்துச் சிரிப்பில் நீ கடைசிவரை ஒரு கோடுகூட மாற்றவில்லை. மாப்பிள்ளை முகத்தில் அதே சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்து, "பையன் தங்கம்" என்று அப்பாவிடம் சொன்னவள் நான். என் வாயில் மண்ணைப் போட.

கதைதானே அக்கா என்று சொல்லாதே. நீ ஸ்லேட்டில் கிறுக்கிய நாளிலிருந்து உன் கையை எனக்குத் தெரியும்.

பதிப்பக ஆசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பேச்சே இல்லாம பயத்தைக் காட்டிட்டாங்கம்மா உங்க தங்கச்சி" என்கிறார். நாளைக்கே அச்சுக்கு வேண்டுமாம். அச்சில் வந்தால், நான் பார்த்ததை மாப்பிள்ளையும் பார்ப்பார். அவர் முட்டாள் இல்லை. கை சுளுக்கிவிட்டது என்று பொய் சொல்லி வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குமேல் இழுக்க முடியாது. புத்தகம் வரட்டும், ஆனால் அதற்கு முன்னால் நீ வெளியே வந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஆபீஸ் வாசலில் உன் அத்தானும் நானும் காரோடு நிற்போம். வழக்கம்போல வேலைக்குக் கிளம்பு. துணிமணி எதுவும் எடுக்காதே, சான்றிதழ்களை மட்டும் கைப்பையில் போட்டுக்கொள். அப்பா என்ன சொல்வார், நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு முதுகு அகலம்.

கடிதத்தை "நல்லா இரு" என்று முடிப்பது நம் வீட்டு வழக்கம். நீ அந்த வீட்டில் இருக்கும்வரை அதை எழுத எனக்குக் கை வரவில்லை. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா